உள்பக்கம் திறக்கும் கதவு: காரைக்குடிப் பொருட்காட்சியில் 120 ரூபாய்க்கு ஆழ்கடல்

கதவு உள்பக்கமாகத் திறந்தது. அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

காரைக்குடியில் இந்தக் கோடை விடுமுறைக்குப் போட்டிருக்கும் பொருட்காட்சியில் ‘ஆழ்கடல் பயணம்’ என்று ஓர் அரங்கு இருக்கிறது. ராட்டினம், டெல்லி அப்பளம், வளையல் கடை, பத்து ரூபாய்க்கு எதை எடுத்தாலும் கடை எல்லாவற்றையும் தாண்டி, ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நீலத் தார்பாய் போட்ட கூடாரம். உள்ளே போக ஆளுக்கு 60 ரூபாய். உள்ளே நிறுத்தியிருக்கும் கலத்தில் உட்கார்ந்து ‘6000 மீட்டர்’ இறங்கி வர இன்னொரு 120. நானும் பேத்தியும் போனோம். மொத்தம் 360. அதோடு கோலி சோடா இரண்டு. சோடாவைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

நடத்துகிறவர்கள் பெயரை எழுதப் போவதில்லை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிழைக்கிறவர்கள். நான் குறையும் சொல்லப் போகிறேன், பெயர் வேண்டாம்.

என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீச்சலும் ஊருணியோடு சரி. ஆனால் முப்பத்தொரு வருஷம் திருச்சியில் பாய்லர் டிரம், பிரஷர் வெசல் சோதிக்கிற வேலை பார்த்தேன். வெல்டிங்கை ரேடியோகிராபி எடுத்துப் பார்ப்பது, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு தண்ணீரை ஏற்றி எங்கேயாவது வியர்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது. ரிட்டயராகிப் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்த பிறகும் குக்கரைப் பார்த்தால் கை தானாக கேஸ்கட்டைத் தடவுகிறது. ஆட்கள் ஏறிப் போகிற ஆழ்கடல் கலம் என்பது எனக்குக் கப்பல் ஜாதி இல்லை, என் தொழில் ஜாதி. பாய்லரில் அழுத்தம் உள்ளே, நாம் வெளியே. அதில் அழுத்தம் வெளியே, நாம் உள்ளே. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

சரி, கலத்துக்கு வருகிறேன்.

மஞ்சள் பெயின்ட் அடித்த ஃபைபர் உருண்டை. மூன்று பேர் உட்காரலாம். இது சரி, நம் நாடு ஆழ்கடலுக்கு ஆட்களை அனுப்பச் செய்துவரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்திலும் மூன்று பேர்தான், அமெரிக்காவின் ‘ஆல்வின்’, ஜப்பானின் ‘ஷின்காய் 6500’ இரண்டிலும் மூன்று பேர்தான். உருண்டையாகச் செய்ததற்கும் முழு மதிப்பெண். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் உருண்டை செய்வதில்லை. எந்தத் திசையிலிருந்து நசுக்கினாலும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வது கோளம் ஒன்றுதான். அதே விட்டம், அதே தடிமனில் நீள உருளை செய்தால் அதன் சுவரில் இழுவிசையோ நெரிசலோ கோளத்தில் வருவதைப்போல் இரண்டு மடங்கு வரும். இது எங்கள் தொழிலில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற கணக்கு.

மத்ஸ்யாவின் கோளம் 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியம் கலவை. வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 6000 மீட்டரில் சுமார் 600 வளிமண்டல அழுத்தம். சுவரில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ நெரிக்கிறது. அந்தக் கலவை அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் வரை தாங்கும். கணக்கைப் போட்டுவிட்டு எனக்கே ஒரு நிம்மதி, ஏதோ நானே அதில் போகப் போகிறவன் மாதிரி. சுவர் நெரிந்து உடைவதைவிட, சுவர் எங்கேயாவது ஒரு நூல் பிசகி வளைந்துகொடுப்பதுதான் பெரிய பயம். அதனால்தான் கோளம் எவ்வளவு கோளமாக இருக்கிறது என்பதில் அவ்வளவு பிடிவாதம். ஷின்காயின் கோளத்துச் சுவர் 73.5 மில்லிமீட்டர். அந்த ‘புள்ளி ஐந்து’ இருக்கிறதே, அதைப் பார்த்ததும் அதைச் செய்தவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

600 வளிமண்டலம் என்றால் என்னவென்று அரங்கில் ஒரு பலகை இருக்கிறது. ‘பல யானைகள் ஏறி நிற்பது போல’ என்று. யானை எத்தனை, எதன் மேல் என்று இல்லை. நான் பேத்திக்குச் சொன்ன விதம் இது: உன் கட்டை விரல் நகம் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். அந்த நகத்தின் மேல் மட்டும் 75 கிலோ அரிசி மூட்டை எட்டு. அவள் நகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கதவு. கலத்தின் மேல்பக்கம் ஒரு வட்டக் கதவு இருக்க வேண்டும், இவர்கள் பக்கவாட்டில் வைத்திருக்கிறார்கள், அதைக்கூட மன்னிக்கலாம், வயசானவர்கள் ஏற வேண்டுமே. ஆனால் அது உள்ளே தள்ளித் திறக்கிற கதவு. நிஜக் கலத்தில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். வெளியே இருந்து கடல் அமுக்க அமுக்க, கதவு தன் இருக்கையில் இன்னும் இறுக்கமாக உட்காரும். ஆழத்தில் உள்ளே இருக்கிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதைத் திறக்கவே முடியாது, பூட்டே தேவையில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு என்றால் கடலே வந்து தள்ளித் திறந்துவிடும்.

ஜன்னல் இன்னும் மோசம். டவுன் பஸ் முன்கண்ணாடி மாதிரி தட்டைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் பீடிங். நிஜத்தில் ஜன்னல் என்பது அக்ரிலிக்கில் செய்த தடித்த கூம்பு, முனை வெட்டிய கூம்பு. அகன்ற பக்கம் கடலைப் பார்க்கும், குறுகிய பக்கம் நம்மைப் பார்க்கும். கோளத்தில் அதே சாய்வில் குடைந்த துளையில் உட்கார்ந்திருக்கும். இதை வெளியே வந்து சொல்லிக்கொண்டிருந்தபோது பேத்திக்குப் புரியவில்லை. கையில் கோலி சோடா இருந்தது. “இந்தக் கோலியை யார் கழுத்தில் பிடித்து வைத்திருக்கிறது?” என்று கேட்டேன். “கேஸ்.” “கேஸ் கூடினால்?” “இன்னும் இறுக்கும்.” “அப்ப, அங்கே கடல்தான் கேஸ், ஜன்னல்தான் கோலி.” சோடாக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதை அன்றைக்குத்தான் யோசித்திருப்பார் போல.

பயணம் பன்னிரண்டு நிமிஷம். அதில் முதல் ஐந்து நிமிஷம் வீண்.

நீல உடுப்புப் போட்ட ஒரு பெண், கல்லூரியில் படிக்கிற வயசு, விளக்கம் சொன்னது. நல்ல குரல், நல்ல பிள்ளை. ஆனால் எழுதிக்கொடுத்த வசனம் அத்தனையும் தப்பு. “எல்லாரும் காதைப் பொத்திக்கங்க, இப்ப அழுத்தம் ஏறும்.” ஏறாது. கோளத்துக்குள் இருப்பது நம் வீட்டுப் பட்டாலையில் இருக்கிற அதே காற்றழுத்தம்தான். அதற்காகத்தானே அவ்வளவு தடிமனில் சுவர் கட்டியிருக்கிறது! “மேல வரும்போது மெதுவா வரணும், இல்லைன்னா ரத்தம் கொதிச்சிரும்.” இது சிலிண்டர் கட்டிக்கொண்டு முக்குளிக்கிறவர்களுக்கு உள்ள கவலை. அவர்கள் தண்ணீரின் அழுத்தத்திலேயே மூச்சு விடுகிறார்கள், அதனால் நைட்ரஜன் உடம்பில் கரையும், வேகமாக வந்தால் குமிழியாகும். கலத்தில் போகிறவர் 6000 மீட்டரிலிருந்து ஏறி வந்து கதவைத் திறந்து, நேராகப் போய்ச் சாப்பிட உட்காரலாம்.

“மோட்டார்தான் நம்மள மேல தூக்கிட்டு வருது.” இதுவும் இல்லை. இறங்குவதும் ஏறுவதும் எடை விவகாரம். கலத்தோடு இரும்புக் கட்டிகளைக் கட்டி இறக்குவார்கள். அடியில் கொஞ்சத்தைக் கழற்றினால் மிதந்து நிற்கும், மிச்சத்தையும் விட்டால் மேலே வரும். மேலே தூக்குவதற்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு கண்ணாடிக் குமிழிகளை எபாக்சிப் பிசினில் குழைத்து வார்த்த ஒரு நுரை இருக்கிறது. லேசாகவும் இருக்கும், அந்த அழுத்தத்தில் நசுங்கவும் செய்யாது. மோட்டார் எல்லாம் அடியில் இங்கும் அங்கும் நகர்வதற்குத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை பழைய ‘டிரியஸ்ட்’ கலத்தினுடையது. 1960 ஜனவரி 23-ஆம் தேதி ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் பசிபிக்கில், உலகக் கடல்களிலேயே ஆழமான சேலஞ்சர் பள்ளத்தின் அடிக்கே போனார்களே, அது. ஏறக்குறைய 10,900 மீட்டர். நுரை எல்லாம் அப்போது இல்லை. பெரிய மிதவை நிறையப் பெட்ரோல், அதன் அடியில் தொங்கும் இரும்பு உருண்டை. இறங்க 4 மணி 47 நிமிஷம், அடியில் இருந்தது 20 நிமிஷம். 9000 மீட்டர் வாக்கில் ஒரு வெளி ஜன்னல் விரிசல் விட்டு, கலமே அதிர்ந்தது, இருந்தும் இறங்கினார்கள். நான் இன்ஸ்பெக்டராக மேலே நின்றிருந்தால் திரும்பி வரச் சொல்லியிருப்பேன், வால்ஷ் என்னைத் திட்டியிருப்பார். அதில் எடைக்கு வைத்த இரும்புக் குண்டுகளை மின்காந்தம் பிடித்திருந்தது. பேட்டரி செத்துப்போனால் காந்தம் விட்டுவிடும், குண்டுகள் கொட்டிவிடும், கலம் தானாக மேலே வந்துவிடும். நம் ஊரில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுபோகும், அங்கே கரண்ட் போனால்தான் வீட்டுக்கு வருவார்கள்.

பயணத்தின் ஆறாவது நிமிஷம் திரையில் ஒரு சுறா வந்து முட்டியது. ஆழம் காட்டுகிற எண் 5100. சுறாக்கள் பொதுவாக 3000 மீட்டருக்குக் கீழே போவதில்லை. சரி, பிள்ளைகளுக்குச் சுறா வேண்டும், விடுவோம். ஆனால் அதற்கு அடுத்தது என்னால் விட முடியவில்லை. சிவப்பு விளக்கு, சைரன், நாற்காலி உதறல், ‘டமார்’ என்று ஒரு சத்தம், திரையில் ‘டைட்டன்’ என்று எழுத்து. டைட்டன் என்கிற ஆழ்கடல் கலம் நொறுங்கி 2023 ஜூன் 18-ஆம் தேதி ஐந்து பேர் செத்தார்கள். டைட்டானிக் கிடக்கிற 3800 மீட்டருக்குப் போகும் வழியில். செத்தவர்களுடைய சாவை நாற்காலி உதறலாக்கி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை, மூன்று மதிப்பெண் இதற்கே போயிற்று.

அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் ஏன் உடைந்தது என்று சொல்லலாமே. அது கோளமே இல்லை, நீள உருளை. உலோகமும் இல்லை, கார்பன் நாரைச் சுற்றிச் சுற்றிப் பசை வைத்து ஒட்டியது, இரண்டு முனையிலும் டைட்டானியம் மூடி. நார் என்பது இழுத்தால் தாங்கும் பொருள். கிணற்றுக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள், இழுக்கலாம், தள்ள முடியுமா? பசை கொஞ்சம் உதவும்தான், ஆனால் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதை வெளியே இருந்து கண்டுபிடிப்பது கடினம். அதற்கு மேல், எந்தத் தரச்சான்று அமைப்பிடமும் கொண்டுபோய்ச் சான்று வாங்கவில்லை. சான்று, முத்திரை எல்லாம் புது முயற்சிக்குத் தடை என்று நினைக்கிற ஆட்களை நான் திருச்சியிலும் பார்த்திருக்கிறேன். முத்திரை குத்துகிறவன் மேல் யாருக்கும் பிரியம் இருக்காது. ஆனால் 1964-லிருந்து ஓடுகிற ஆல்வின் 5000 தடவைக்கு மேல் ஆட்களை இறக்கி ஏற்றியிருக்கிறது. ஒவ்வொரு சில வருஷத்துக்கும் ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டுகிறார்கள். அதைத் திரையில் காட்டினால் யாரும் 120 ரூபாய் தர மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

ஆல்வினும் ஒருமுறை முழுகியது. 1968 அக்டோபரில் தண்ணீரில் இறக்கும்போது கப்பலில் பிடித்திருந்த கம்பி வடம் அறுந்து, கதவு திறந்தபடியே போய்விட்டது. உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பித் தாவிவிட்டார்கள். அடுத்த வருஷம் சுமார் 1500 மீட்டரிலிருந்து தூக்கினபோது, உள்ளே விட்டுப்போன மதியச் சாப்பாடு, ரொட்டியும் இறைச்சியும் ஆப்பிளும், ஊறியிருந்தது, ஆனால் கெடவில்லை! பத்து மாசத்துக்கு மேல். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் கிருமிகள் வேலை அவ்வளவு மந்தம் என்று அதிலிருந்துதான் ஆராய்ச்சிக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். பேத்தியிடம் இதைச் சொன்னதும், “ஆயா சுட்ட சீடைக்காயும் அப்படித்தானே இருக்கு” என்றாள். வீட்டில் போய் இதைச் சொல்லாதே என்று அப்பளம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் இருக்கிறது.

ஆறரையாவது நிமிஷத்தில், அந்த டமாருக்குப் பிறகு, எல்லாம் அணைந்தது. திரை இல்லை, விளக்கு இல்லை, அந்தப் பெண்ணும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். கண்ணுக்கு முன்னால் கையை வைத்தால் கை தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகோட்டைக்காரர் முதலில் இருமினார், பிறகு அவரும் அடங்கிவிட்டார். பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஏறக்குறைய இரண்டு நிமிஷம். அப்புறம் மூலையில் ஒரு நீலப் புள்ளி. இன்னொன்று. ஒரு கோடு மாதிரி நீண்டு, அணைந்து, வேறு இடத்தில் பற்றியது.

கடலில் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கி, 1000 மீட்டருக்குக் கீழே சூரியன் அறவே இல்லை. அங்கே வெளிச்சம் என்று இருந்தால் அது உயிர்கள் தாங்களே ஏற்றிக்கொண்டது. பெரும்பாலும் நீலம்தான், தண்ணீரில் அதிக தூரம் போவது அந்த நிறம். 1934-ல் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடாவுக்குப் பக்கத்தில், கம்பி வடத்தில் தொங்கிய இரும்பு உருண்டைக்குள் 923 மீட்டர் இறங்கி இதைத்தான் கண்ணால் பார்த்தார்கள். மிஷின் படம் எடுக்கலாம், அளக்கலாம். அந்த இருட்டில் ஆள் உட்கார்ந்திருப்பது வேறு. இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அரங்கு ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது என்றால் அந்த இரண்டு நிமிஷம்தான். வெளியே வந்து அந்தப் பெண்ணைப் பாராட்டினேன். அது சிரித்துக்கொண்டே, “அது வந்து சார், அடுத்த படம் ஏற அவ்வளவு நேரம் ஆகுது. சரி பண்ணச் சொல்லியிருக்கோம்” என்றது. சரி பண்ணிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வருகிற வெந்நீர் ஊற்றுக் காட்சியும் பரவாயில்லை. 1977-ல் கலபாகஸ் தீவுகள் பக்கம் 2500 மீட்டரில் ஆல்வினில் போனவர்கள் கண்டது. போனவர்கள் நிலவியல் ஆட்கள். உயிரியல் படித்தவர் ஒருவரும் இல்லை. வெயிலே படாத இடத்தில், கந்தக வாயுவைத் தின்கிற நுண்ணுயிரை நம்பி, சிப்பியும் குழாய்ப் புழுவும் கூட்டமாக வாழ்வதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். பதப்படுத்தக் கையில் மருந்து போதாமல் வோட்காவில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தார்களாம். ஊறுகாய்தான். திரையில் இவர்கள் ஊற்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு போட்டிருக்கிறார்கள். நெருப்பு இல்லை, ரொம்பச் சூடான ஊற்றுகளில் 350 டிகிரி சூட்டிலும் அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்காமல் கரும்புகை மாதிரிப் பீறிடும். பாய்லர் ஆளுக்கு இது சொல்லாமலே புரியும்.

எங்கள் வரிசையில் ஒருவரும் எழுந்து போகாமல் நின்று விளையாடியது கலத்தின் இரும்புக் கையோடுதான். கலத்துக்கு வெளியே ஒரு தொட்டியில் களிமண், அதில் கரும் சிமென்ட் உருண்டைகள். உள்ளே ஒரு குச்சியைத் திருகினால் வெளியே இரும்புக் கை நகர்ந்து உருண்டையைக் கவ்வ வேண்டும். தனியாக 30 ரூபாய், மூன்று தடவை. பேத்தி இரண்டு டிக்கெட் வாங்கி ஐந்தாம் தடவைதான் எடுத்தாள். அவ்வளவு பாடு இருக்கத்தான் வேண்டும்.

எனக்கு அதைப் பார்த்ததும் பாதாளக் கரண்டி ஞாபகம் வந்துவிட்டது. இப்போது முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்குகிறதே, வளையத்தில் கொக்கி கொக்கியாக, அதுதான். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. கிணற்றில் வாளி விழுந்தால் போய்க் கேட்க வேண்டும். பதிலுக்கு ஒரு செம்பையோ தவலையையோ அடமானமாக வைத்துவிட்டுத்தான் தருவார்கள். இறக்கி, தரை தட்டியதும் மெதுவாகச் சுற்றி, கயிற்றின் கனத்தை வைத்தே கொக்கியில் மாட்டியது வாளியா வேரா என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். ஆறாயிரம் மீட்டரிலும் அதே சமாச்சாரம், கயிறு மட்டும் இல்லை. கூடவே ஆள் போயிருக்கிறார்.

அந்தக் கரும் உருண்டைகள் என்னவென்று அரங்கில் எங்கேயும் எழுதவில்லை. இது பெரிய குறை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் நாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஐந்தாறு கிலோமீட்டர் ஆழத்தில் தரையெல்லாம் சேப்பங்கிழங்கு கொட்டினதுபோல் கிடக்கிற உலோக உருண்டை. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். மத்ஸ்யாவை 6000 மீட்டருக்கு என்று திட்டம் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்தான் செய்கிறது. 2021-ல் 4077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்தில் இது ஒரு பகுதி. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களோடு முக்கிப் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் நம் ஆட்கள் இரண்டு பேர் பிரான்சின் ‘நோட்டீல்’ (Nautile) கலத்தில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள், ஒருவர் 4025 மீட்டர், மறுநாள் ஒருவர் 5002 மீட்டர். இங்கிருந்து ஏழெட்டு மணி நேர பஸ் தூரத்தில் நடக்கிற வேலை. அரங்கில் ஒரு வரி இல்லை, சுறாவுக்கு மூன்று பேனர்.

வசதிகள் பற்றி. உள்ளே புழுக்கம் தாங்காது. மே மாசம், ஃபைபர் உருண்டை, ஒரு மேசை விசிறி. நிஜத்தில் நேர்மாறு, வெளியே தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி, உள்ளே போகிறவர்கள் கம்பளி போட்டுக்கொள்வார்கள், சுவரில் மூச்சுக் காற்றே நீராகப் படியும். பேத்தி “உள்ளே பாத்ரூம் எங்கே?” என்று சத்தமாகக் கேட்டாள், விளக்கம் சொன்ன பெண் திருதிருவென்று விழித்தது. இல்லை என்பதுதான் பதில். பாட்டில்தான். ஷின்காய் 6500 மீட்டர் இறங்க மட்டும் இரண்டரை மணி நேரம். மத்ஸ்யாவுக்கு ஒரு பயணம் 12 மணி நேரம் என்றும், ஆபத்தில் 96 மணி நேரம் உள்ளே உயிர் காக்கலாம் என்றும் திட்டம். காபிப் பிரியர்களுக்கு ஆகாத வேலை.

“கீழே இருந்து அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணலாமா?” என்பது அடுத்த கேள்வி. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும், பேச்சு ஒலியாகத்தான் மேலே போக வேண்டும். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர். ஆறாயிரம் மீட்டரிலிருந்து “சாப்பிட்டியா?” என்று கேட்டால் மேலே போய்ச் சேர நான்கு வினாடி, “சாப்பிட்டேன்” திரும்பி வர இன்னொரு நான்கு. ரங்கூனுக்குக் கப்பல் ஏறிப்போன எங்கள் ஐயா காலத்தில் அதற்கு ஒரு மாசம் ஆனது. கடல் பொங்கிப் பூம்புகாரை விட்டு ஓடிவந்ததாகவும், அந்தப் பயத்தில்தான் வீட்டுக்கு இவ்வளவு உயரத் திண்ணை வைத்ததாகவும் கதை சொல்கிற ஊர் இது. அந்த ஊர்க்காரர்களே பிறகு கடல் தாண்டினார்கள். கடலுக்கு அடியில் போக மட்டும் யாரும் ஆசைப்பட்டதில்லை.

கிளம்பும்போது முதலாளியிடம் கதவு விஷயத்தைச் சொன்னேன். மதுரைப் பக்கம், ஐம்பது வயசு, முன்பு மரணக் கிணற்றில் பைக் ஓட்டியவராம். இடது முழங்கை மடங்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். “வாஸ்தவம்தான் சார். ஆனா கதவை வெளிய தொறந்தா வரிசையில நிக்கிற பிள்ளைக மூஞ்சில இடிக்குமே.” எனக்குப் பதில் இல்லை. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நியாயத்தை நான் எதிர்கொண்டதில்லை. ஜன்னலையாவது கூம்பாக வையுங்கள், செலவு அதிகமில்லை, அக்ரிலிக் வேண்டாம், பார்வைக்குப் பிசின் வார்த்தால் போதும் என்றேன். “எப்படின்னு வரைஞ்சு குடுங்க.” டிக்கெட்டின் பின்னால் வரைந்து கொடுத்தேன், அகன்ற பக்கம் எது, குறுகிய பக்கம் எது, சாய்வு எவ்வளவு. காது வலிக்கிற வசனத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அதற்கு அவர், “அது இல்லைன்னா சனம் காதைப் பொத்தாது சார், பொத்தினாத்தான் பயம் வரும்” என்றார். அதில் சமாதானம் ஏற்படவில்லை.

என் மதிப்பு: பத்துக்கு ஐந்து. கையும் இருட்டும் சேர்ந்து ஐந்தையும் வாங்கின. டைட்டன் காட்சியை எடுத்தால் எட்டு தருவேன். ஆறாவது நிமிஷம் சிறு பிள்ளைகள் கண்ணைப் பொத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை போகாதீர்கள், ஜெனரேட்டர் புகை நேராகக் கூடாரத்துக்குள் வருகிறது, வரிசையும் முக்கால் மணி நேரம். நாங்கள் புதன்கிழமை ஐந்து மணிக்குப் போனோம், எங்களுக்கு முன்னால் நான்கே பேர். கோலி சோடா 20 ரூபாய், எலுமிச்சை போட்டால் 25.

முதலாளி டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அடுத்த ஊரு புதுக்கோட்டை சார், ஜூன் முதல் வாரம். வந்து ஜன்னலைப் பாத்துட்டுச் சொல்லுங்க.” புதுக்கோட்டையில் ஒரு பத்திர வேலை ரொம்ப நாளாகத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. ஜூன் முதல் வாரம் அதை முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.